அவனே அணைத்த மெழுகுவர்த்தி

எங்கள் சால்ட்விக் துறையில் புத்தாண்டு நாளில் ஒரு கழுதைக்குக் கிடைக்கிற மரியாதை மற்ற நாட்களில் ராஜாவின் குதிரைக்குக்கூடக் கிடைக்காது. அன்றைக்குக் கோமாளித் திருநாள். ஊரில் ஒருவனை ஆயராக, அதாவது பிஷப்பாக, ஆக்குவோம். சாமியார்களுக்குச் செய்கிற மாதிரி உச்சந்தலையைச் சிரைத்து, முகத்தில் கரியும் மாவும் பூசி, வைக்கோல் அடைத்த ஆயர் தொப்பியை மாட்டி, கழுதையின் வாலைப் பார்த்தபடி உட்கார வைப்போம். நிஜ ஆயர் வலது கையால் ஆசி கொடுப்பார். எங்கள் ஆயர் இடது கையால் சாபம் கொடுப்பார். அவர் கொடுக்கிற பல்வலியையும் சொறிசிரங்கையும் வாங்க ஊரே முண்டியடிக்கும். அன்றைக்கு வாங்கின சாபம் அந்த வருஷம் முழுக்க நம் பக்கம் எட்டிப் பார்க்காது என்பது எங்கள் நம்பிக்கை. கடைசியில் ஊர் மதிலின் கடல்வாசலைத் தாண்டிக் கொண்டுபோய், படகில் ஏற்றி, கடலையும் நாலு வார்த்தை திட்டச் சொல்லுவோம். அப்போதுதான் மீன் கொழுத்து வரும்.

அந்த வருஷம் திருநாள் விடிந்தபோது, பார்லி முளைகட்டிப் பரப்பியிருந்த என் பரணில் காண்டர்பரிப் பேராயர் லாம்பெர்ட் உட்கார்ந்திருந்தார். பயங்கரமாக நாறினார். விலாங்குமீன் கூடைகளுக்கு அடியில் படுத்து ஊர் தாண்டி வந்தவர் வேறு எப்படி இருப்பார்?

என் பெயர் ஹாவிஸ். இந்தத் துறையில் பார்லிக் கள் காய்ச்சுகிறவள். வாசலில் புதர்க்கொத்து கட்டிய கம்பை நீட்டி வைத்தேன் என்றால் கள் தயார், யார் வந்து கேட்டாலும் ஊற்றியாக வேண்டும். கம்பை இறக்கிவிட்டால் ராஜாவே வந்தாலும் கிடையாது. இவ்வளவு பெரிய மனிதர் என் வீட்டுப் பரணுக்கு ஏன் வந்தார் என்பதற்குக் காரணம் என் தம்பி சிரெட்.

சிரெட் உப்புக் காய்ச்சுகிறவன். எங்கள் துறைக்கு ராஜா வைத்த காவல் தலைவன் சர் ட்ரோகோ ஒரு நாள் அவனுடைய படகைப் பிடுங்கினான். தம்பி துடுப்பால் ஒரு சேவகனின் தோளை உடைத்துவிட்டு, கோயிலுக்குள் ஓடிப் பலிபீடத்துத் துணியைப் பிடித்துக்கொண்டான். பலிபீடத்தைப் பிடித்தவனை யாரும் தொடக்கூடாது. கையில் சிலுவையோடு நடந்துபோய்க் கப்பலேறி, நாட்டை விட்டே போய்விட அவனுக்கு உரிமை உண்டு. ராஜாக்களைவிட வயதான சட்டம் அது. ட்ரோகோ பூட்ஸ் காலோடு உள்ளே போனான். துணியோடு சேர்த்து என் தம்பியை இழுத்துவந்து கடல்வாசலில் தூக்கில் போட்டான். கழுத்தில் கயிறு விழுந்தபோது தம்பி தண்ணீர் கேட்டான். நான் குவளையோடு ஓடினேன். ட்ரோகோ குவளையை என் கையிலிருந்து வாங்கி, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மீதியை மணலில் ஊற்றினான்.

ஒரு உப்புக்காரனுக்காக யார் கேட்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். லாம்பெர்ட் கேட்டார். அவரும் இதே சதுப்பில் உப்புக் காய்ச்சியவரின் மகன். மடத்தில் சேர்ந்து படித்து மேலே போனவர். சேற்றில் பிறந்தவன், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான் என்று கணக்குப் போட்டுத்தான் ராஜா அவரைப் பேராயர் ஆக்கினார். கணக்கு முதல் வருஷமே தப்பிப் போனது. ட்ரோகோ வெறுங்காலோடு நடந்து வந்து சால்ட்விக் கோயில் வாசலில் மண்டியிட வேண்டும், இல்லாவிட்டால் அவனைச் சபையை விட்டுத் தள்ளுவேன் என்று முழு அரசவையின் முன்னால் நின்று சொன்னார்.

"என் நாயை எப்போ கட்டறது, எப்போ அவுத்து விடறதுன்னு எனக்குத் தெரியும்" என்றாராம் ராஜா.

"உங்க நாய் என் வீட்டுக்குள்ள வந்து கடிச்சிருக்கு" என்றாராம் இவர்.

"போயும் போயும் ஒரு உப்புக்காரனுக்காகவா என்கூட மோதறே?"

"ஆமா. ஒரு உப்புக்காரனுக்காகத்தான்."

இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். என் தம்பிக்காக ஒரு வாய் பேசியதே!

ஆனால் பேச்சு பேச்சாகவே நின்றது. ஒருவனைச் சபையை விட்டுத் தள்ள வேண்டுமானால், முதலில் அவன் முகத்துக்கு நேரே மூன்று முறை கேட்க வேண்டும். மனம் திரும்புகிறாயா என்று. மூன்று முறையும் மறுத்தால், மணி அடித்து, வேத புத்தகத்தை மூடி, மெழுகுவர்த்தியை அணைப்பார்கள்; அப்புறம் அவனை யாரும் தொடக்கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. ட்ரோகோ கெட்டிக்காரன். கேட்க வந்த சாமியார்களை எல்லாம் வாயைத் திறக்கும் முன்பே கடலில் முக்கித் துரத்தினான். ராஜா பேராயரின் நிலங்களைப் பிடுங்கினார், வீட்டைப் பூட்டினார், கடைசியில் ஆளையே பிடித்துவரச் சொல்லிவிட்டார். இனி ரோமாபுரிக்குப் போய்ப் போப்பாண்டவரிடம் முறையிடுவதுதான் வழி. அதற்குத்தான் இந்த விலாங்குமீன் யாத்திரை.

என் புருஷன் வைபெர்ட்டின் படகு தயாராக இருந்தது. நடுப்பகலில் நீர் இறங்கும், அதோடு போய்விடலாம். ஆனால் படகு கடல்வாசலுக்கு அந்தப் பக்கம். வாசலில் ட்ரோகோவின் ஆட்கள் போகிற வருகிற ஆண்கள் எல்லோருடைய தொப்பியையும் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சி சிரைத்த தலை இருந்தால் ஆள் அவ்வளவுதான்.

பரணில் நாங்கள் நான்கு பேர். பேராயர், நான், எங்கள் கோயில் ஆல்வின் சாமி, அப்புறம் ஹாமோ. ஹாமோ கல்லறைக் குழி வெட்டுகிறவன். அந்த வருஷத்துக் கோமாளி ஆயர் அவன்தான். புதிதாகச் சிரைத்த தலையைத் தடவித் தடவிப் பூரித்துப் போயிருந்தான். அவன் தலையைப் பார்த்தேன். பேராயரின் தலையைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது.

"சாமி, இன்னைக்கு மொட்டைத் தலையோட கடல்வாசலைத் தாண்டுற உரிமை ஊர்ல ஒரே ஒருத்தருக்குத்தான் இருக்கு" என்றேன்.

ஆல்வின் சாமிக்குப் புரிந்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டார். பேராயருக்கும் புரிந்தது. மூக்கு சிவந்தது.

"நானா? கழுதை மேலயா? வாலைப் பாத்துக்கிட்டா?"

"ஆமா சாமி."

"நான் வேஷம் போட மாட்டேம்மா. பொய் சொல்லித் தப்பிக்கிறதா இருந்தா ராசாகிட்டயே ஒரு பொய் சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேனே!"

"இதுல பொய் எங்க சாமி வந்துச்சு? நீங்க ஆயர். ஆயர் தொப்பி போட்டுக்கிட்டு போறீங்க. ஊர்க்காரன் நம்பலைன்னா அது ஊர்க்காரன் பாடு!"

ஆல்வின் சாமி இருமுகிற சாக்கில் சிரிப்பை மறைத்தார். நான் விடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பவர் யார் என்று பார்க்கிற பழக்கம் இல்லை.

"என் தம்பிக்காக ராசாவையே எதுத்தீங்க. இப்ப ஒரு கழுதைக்குப் பயந்து மாட்டிக்கப் போறீங்களா? உங்களைப் புடிச்சிட்டா எங்க புள்ளைங்களுக்காகப் பேச யாரு இருக்கா?"

பேராயர் தன் பதவி மோதிரத்தைக் கழற்றி வாய்க்குள் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "கரியை எடு" என்றார். அந்தக் குரலில் எரிச்சலும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

இதில் ஹாமோவின் நிலைமைதான் பரிதாபம். "வருசம் பூரா காத்துக்கிட்டு இருந்தேன் அக்கா! ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஊரே என்னைப் பாக்கும்னு இருந்தேன்!" என்று கண் கலங்கினான்.

"உன்னை இல்லைடா, உன் கரி பூசின மூஞ்சியைத்தான் பாக்கும். பேசாம பரண்லயே கிட. இந்தா குடி" என்று ஒரு ஜாடி கள்ளை அவனிடம் கொடுத்தேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். ஹாமோவிடம் ஒரு ஜாடியைக் கொடுத்தால் அவன் இரண்டாவதைத் தேடிக்கொண்டு கிளம்புவான் என்பது கள் காய்ச்சுகிற எனக்குத் தெரியாதா?

ஊர்வலம் கிளம்பியது. தகரத்தைத் தட்டுகிறவன் தட்டுகிறான், ஊதுகிறவன் ஊதுகிறான். ஆண்கள் பாவாடை கட்டியிருக்கிறார்கள், பெண்கள் தாடி ஒட்டியிருக்கிறார்கள். முன்னால் ஆல்வின் சாமி, வழக்கப்படி வேத புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனார். என் கையில் மணி. மீன்காரி ஒருத்தி கையில் பெரிய மெழுகுவர்த்தி. நடுவில் கழுதை. அதன்மேல், இங்கிலாந்து தேசத்துச் சபைக்கெல்லாம் தலைவர்.

"ஏய், ஹாமோ ஒரே வாரத்துல குண்டாயிட்டான்டா!" என்றான் ஒருவன். "வயித்துல தலகாணி கட்டியிருக்கான்" என்றேன் நான்.

முதல் ஆளாக ஒரு வலைக்காரி தலையை நீட்டினாள். "சாபம் குடுங்க ஆயரே!"

பேராயர் திணறினார். வாழ்நாள் முழுக்க ஆசி கொடுத்த கை, மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் நின்றது. "உனக்கு... கொஞ்சம் தும்மல் வரட்டும்" என்றார்.

கூட்டம் ஊளையிட்டது. "தும்மலாம்! ஹாமோ, இதுக்குத்தான் உன்னை ஆயராக்கினோமா? இறங்குடா!" யாரோ ஒருவன் வீசிய மீன்தலை பேராயரின் தொப்பியில் பட்டு மாட்டிக்கொண்டது. செத்தோம் என்று நினைத்தேன். இந்த மனிதரின் கோபம் நாடறிந்தது. அவர் கழுதைமேல் நிமிர்ந்தார், மீன்தலை எறிந்தவனைப் பார்த்தார், மூச்சை இழுத்தார்.

"டேய் நண்டு மூக்கா! உன் பொண்டாட்டி சுடற ரொட்டியெல்லாம் உப்புக்கல்லா மாறட்டும்! உன் வலையில பழைய செருப்பா மாட்டட்டும்! உன் மாமியா நூறு வருசம் உன் வீட்டுலயே இருக்கட்டும்!"

சதுப்பு நிலத்து வசவு! நாற்பது வருஷமாக மடத்துக்குள் பூட்டிக் கிடந்த உப்புக்காரப் பையன் எகிறிக் குதித்து வெளியே வந்துவிட்டான். தெருவே அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. இவனுக்குக் கால் ஆணி, அவனுக்குக் காதில் குளவி, ரொட்டிக்காரனுக்கு வாலில்லாத பூனை. ஜனங்கள் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இவ்வளவு பிரமாதமான கோமாளி ஆயர் எங்கள் துறைக்கு வாய்த்ததே இல்லை என்று என் காதுபடச் சொன்னார்கள். நானும் பயத்தை மறந்து சிரித்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடல்வாசல் வந்தது. ட்ரோகோ அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், பூட்ஸ் காலை நீட்டிக்கொண்டு. தம்பியைத் தொங்கவிட்ட கட்டை அவன் தலைக்கு மேலேயே இருந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் என் புருஷன் படகில் துடுப்போடு நின்றான். முகம் வெளிறிப்போய் இருந்தது. நீர் இறங்க ஆரம்பித்திருந்தது. சேவகர்கள் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். கழுதை வாசலுக்குள் கால் வைத்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "நில்லுங்கடா! ஆயர் நான்தான்!"

ஹாமோ. இரண்டு ஜாடியும் காலி. மொட்டைத் தலை பளபளக்கக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, நடுவாசலில் தள்ளாடியபடி நின்றான்.

ட்ரோகோ எழுந்தான். ஹாமோவின் தலையைப் பார்த்தான். கழுதைமேல் இருந்தவரைப் பார்த்தான்.

"நீ ஆயர்னா, இவன் யாரு?" என்றான்.

கழுதைமேல் இருந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார். கேட்டால் நிஜத்தைச் சொல்லிவிடுவார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் மணியைக் கணகணவென்று ஆட்டியபடி முன்னால் பாய்ந்தேன்.

"எசமானுக்கு இது தெரியாதா? இந்த வருசம் ரெண்டு ஆயர்! நாட்டுலயும் அப்படித்தானே நடக்குது? ஒருத்தர் ராசா கட்சி, ஒருத்தர் ரோமாபுரி கட்சி!"

ட்ரோகோ சிரித்தான். தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"அட, குட்டிக் கழுதைங்களா! இதுல ராசா கட்சி யாரு?"

"நான்தான் ராசா கட்சி! எனக்குத்தான் கள்ளு குடுத்தாங்க!" என்றான் ஹாமோ.

"பொருத்தமாத்தான் இருக்கு. அப்போ கழுதை மேல இருக்கறவன் நம்ம லாம்பெர்ட்!" ட்ரோகோ பேராயரின் முன்னால் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். "என்ன லாம்பெர்ட், என்னைச் சபையை விட்டுத் தள்ளுவேன்னு குதிச்சியே. இதோ நிக்கிறேன். தள்ளு பாப்போம்! மணி இருக்கு, புஸ்தகம் இருக்கு, மெழுகுவத்தி இருக்கு. முறைப்படி செய், ஒண்ணும் விட்டுடாதே!"

சேவகர்கள் ஓவென்று கத்தினார்கள். நான் ஆல்வின் சாமியைப் பார்த்தேன். அவர் தலைகீழாகப் பிடித்திருந்த புத்தகத்தை மெதுவாக நேராகத் திருப்பினார். நான் மணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பேராயர் கழுதையிலிருந்து இறங்கினார். தொப்பியில் மீன்தலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் பேரைச் சொல்லு" என்றார்.

"சர் ட்ரோகோ, சால்ட்விக் காவல் தலைவன்!" அவன் நாடகக்காரன் மாதிரி நெஞ்சில் தட்டிக்கொண்டான்.

"என்ன செஞ்சே?"

"பலிபீடத்தைப் புடிச்சிக்கிட்டிருந்த ஒருத்தனை வெளிய இழுத்துக்கிட்டு வந்து, இதோ, இந்தக் கட்டையில தொங்க விட்டேன்."

"அவன் பேரென்ன?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ உப்புக்காரப் பய."

பின்னால் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். நான் உதட்டைக் கடித்தேன், ரத்தம் உப்புக் கரித்தது.

"ட்ரோகோ," என்றார் பேராயர். குரல் மாறிவிட்டது. வசவு போன இடம் தெரியவில்லை. "நீ செஞ்சது பாவம். மனம் திரும்புறியா?"

"மாட்டேன்!"

"ரெண்டாவது தடவை கேக்கறேன். பூட்ஸைக் கழட்டிட்டு இப்பவே என்கூட கோயிலுக்கு வா. நானும் உன்கூட வெறுங்காலோட நடந்து வர்றேன். மனம் திரும்புறியா?"

ஐயோ, அவர் நிஜமாகவே கேட்டார்! அவன் சரி என்று சொல்லியிருந்தால் படகையும் விட்டு, ரோமாபுரியையும் விட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் திரும்பி நடந்திருப்பார். கண்ணில் தண்ணீர் நின்றது. கரி வழிந்தது. ட்ரோகோவின் சிரிப்பும் அரை நொடி நின்றது. நான் பார்த்தேன். பிறகு ஒரு சேவகன் இளித்தான், உடனே இவனும் இளித்தான்.

"மாட்டவே மாட்டேன்!"

"கடைசித் தடவை கேக்கறேன், மகனே."

"மாட்டேன், மாட்டேன், போதுமா? அடுத்ததைச் செய்!"

பேராயர் கையை உயர்த்தினார். இடது கையை அல்ல, வலது கையை. "அப்படின்னா, ட்ரோகோ, நீ சபைக்கு வெளியே. உள்ள இருந்தாலும் வெளியே, நடந்தாலும் நின்னாலும் வெளியே. மனம் திரும்பி வர்ற நாள் வரைக்கும் உனக்கு ரொட்டி குடுக்கறவனும் இல்லை, நெருப்பு குடுக்கறவனும் இல்லை, தண்ணி குடுக்கறவனும் இல்லை. இந்த வெளிச்சம் அணையற மாதிரி உன் பேரு எங்க நடுவுல அணைஞ்சு போகட்டும்."

"மெழுகுவத்தியை என்கிட்ட குடு, நானே அணைக்கிறேன்!" ட்ரோகோ மீன்காரியிடமிருந்து அதைப் பிடுங்கித் தரையில் அடித்து, பூட்ஸ் காலால் நசுக்கினான். உருகிய மெழுகு அவன் கையில் வழிந்தது. நான் மணியை அடித்தேன். ஆல்வின் சாமி புத்தகத்தை அறைந்து மூடினார். "ஆமென்" என்றார் பேராயர். "ஆமென்" என்று ஊரே சொன்னது. எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்!" என்றவன் ட்ரோகோ.

"நல்லா செஞ்சேடா லாம்பெர்ட்! போ, போய்க் கடலையும் திட்டிட்டு வா" என்று அவரைத் தோளில் தட்டிப் படகுப் பக்கம் தள்ளிவிட்டான்.

அவர் ஏறினார். வைபெர்ட் துடுப்பு வலித்தான், உயிரே போகிற மாதிரி வலித்தான். நீர் படகை இழுத்துக்கொண்டு போனது. வழக்கமாகக் கோமாளி ஆயரின் படகு கடலில் நிற்கிற கல்தூணைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடும். இந்தப் படகு கல்தூணைத் தாண்டியது. பாயை விரித்தது.

"ஏய், எங்கடா போறான்?" என்றான் ஒரு சேவகன்.

படகில் அவர் குனிந்து, கடல் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். கழுவிக் கழுவி, ரோஜாப் பூ நிறத்தில் ஒரு வட்ட முகம் வெளியே வந்தது. கோமாளித் தொப்பியை எடுத்து மரியாதையாகப் பக்கத்தில் வைத்தார். வாயிலிருந்து எதையோ எடுத்து விரலில் மாட்டினார். வெயிலில் அது மின்னியது.

அவருடைய குரல் பெரிய குரல். அலைக்கு மேலே தெளிவாகக் கேட்டது. "ஆல்வின்! அவன் வெறுங்காலோட வந்தான்னா, அவனை உள்ள சேத்துக்கற அதிகாரத்தை உனக்குக் குடுத்துட்டேன்! காக்க வைக்காதே!"

கடல்வாசலில் அத்தனை பேரும் முழங்காலில் விழுந்தோம். ஹாமோகூட விழுந்தான், அவன் ஏற்கெனவே பாதி விழுந்துதான் இருந்தான். நின்றுகொண்டிருந்தவன் ட்ரோகோ ஒருவன்தான்.

"அம்பு விடுங்கடா! படகை எடுங்கடா!" என்று கத்தினான்.

யாரும் அசையவில்லை. அவன் பக்கத்திலிருந்த சேவகனின் கையைப் பிடித்தான். சேவகன் நெருப்பு பட்டவன் மாதிரி கையை உதறிக்கொண்டு பின்னால் போனான். "எசமான், என்னைத் தொடாதீங்க. நீங்க... நீங்களே ஆமென் சொன்னீங்க" என்றான். கோயில் விலக்கியவனைத் தொட்டவனுக்கும் அதே கதிதான். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"அது விளையாட்டுடா! கோமாளி விளையாட்டு!"

ஆல்வின் சாமி எழுந்தார். எப்போதும் தன் நிழலுக்கே பயப்படுகிற மனிதர், அன்றைக்கு நிமிர்ந்து நின்றார். "கேட்டவர் விளையாட்டுக்குக் கேக்கலை எசமான். மூணு தடவை கேட்டார். ஊரே சாட்சி."

நான் ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நீட்டியிருந்த கம்பைக் கழற்றித் தரையில் போட்டேன். அவன் என் பின்னாலேயே வந்தான். கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. கையில் மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது.

"கள்ளு ஊத்து" என்றான்.

"கம்பு இறங்கியாச்சு."

"தண்ணியாவது குடுடி!"

எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன்! உடம்பு முழுக்க ஒரு ஆங்காரமான சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. "இதே வாசல்லருந்துதான் அன்னைக்கு என் தம்பிக்குத் தண்ணி எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவன் எங்களை எல்லாம் தூக்கில் போட்டிருக்கலாம். ஆனால் கயிற்றை இழுக்க ஒரு கை வேண்டுமே? சமையல்காரன் போனான், குதிரைக்காரன் போனான். ரொட்டிக்காரன் அடுப்பை மூடினான், லாடக்காரன் சுத்தியலை ஒளித்து வைத்தான். ராஜாவுக்கு ஆள் அனுப்பினால், விலக்கப்பட்டவன் கையிலிருந்து சேதி வாங்கக்கூடாதென்று ராஜாவின் சொந்தச் சாமியாரே தடுத்துவிட்டாராம். தன் கோட்டையில் அவன் ஒருவனாக, புளித்த மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டு இருக்கிறான் என்று கேள்விப்பட்டோம்.

தவக்காலம் தொடங்குகிற வாரத்தில் அவன் வந்தான். பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. வெறுங்கால். கோட்டையிலிருந்து கோயில் வரை கூழாங்கல் பாதை. ஊர் முழுக்க வாசலில் நின்று பார்த்தோம். கோயில் படியில் மண்டியிட்டான். ஆல்வின் சாமி முறைப்படி பிரம்பால் மெதுவாகத் தோளில் தட்டினார், ஜெபம் சொன்னார், கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒரு வருஷமாக ராஜா மாட்டேன் என்று முரண்டு பிடித்த காரியம், ஒரு கழுதையின் புண்ணியத்தில் நடந்து முடிந்தது. நாங்கள் இந்தச் சேதியை மீன் படகில் கடல் தாண்டி அனுப்பினோம். பேராயர் அதைக் கேட்டு, முதலில் அழுதுவிட்டு, பிறகு கழுதை சௌக்கியமா என்று விசாரித்தாராம்.

கோயிலிலிருந்து வெளியே வந்தவன் நேராக என் வாசலுக்கு வந்தான். கால் விரல்களெல்லாம் கிழிந்து நீலம் பாரித்திருந்தன. இனி அவனுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. மன்னிக்க மனசும் கிடையாது. கம்பை எடுத்து வாசலில் மாட்டினேன். உள்ளே போய், அன்றைக்கு அவன் மணலில் ஊற்றிய அதே குவளையில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தேன். அவன் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"அவன் பேரென்ன?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். மழைத் தண்ணீர் அவன் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"சிரெட்" என்றான் ட்ரோகோ.

குவளையை அவன் கையில் கொடுத்தேன்.